போனவளைப் பற்றி ஒரு புத்தகம்

வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு டிஷ்யூ காகிதம் கொடுத்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ள. தையல்காரி அதை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நாலு நாள் தாடி, துக்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு முகம். மனைவியின் மரணத்தைத் தாண்டி வந்த கதை என்று முதுகுக்குப் பின்னால் பெரிய பேனர். இழவு வீட்டுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது.

பேச்சை ஏற்கெனவே முடித்திருந்தார். அரை மணி நேரத்தில் "அவ போயிட்டா" என்று பதினேழு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

தையல்காரிக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது ஒரு வாடிக்கைக்காரி. துணி கொடுக்க வந்த இடத்தில், தனியாக இருக்கிறீர்களே, படித்துப் பாருங்கள், மனசு ஆறும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். பின்னட்டையில் எழுத்தாளரின் படத்தைப் பார்த்த தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

அதிலிருந்து இரண்டு நாளாக மெஷின் பக்கமே போகவில்லை. நேரில் பார்த்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும், எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும் என்றுதான் கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வரிசை நகர்வதாக இல்லை. புத்தகத்தைப் பிரித்தாள். 'மழை என்றால் அவளுக்கு உயிர். முதல் துளி விழுந்ததும் மொட்டைமாடிக்கு ஓடுவாள். நான் ஜன்னலோரம் அமர்ந்து அவள் காலடியோசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.'

மழை வந்தால் எந்தப் பெண்தான் மாடிக்கு ஓட மாட்டாள்? கொடியில் காய்கிற துணியை வேறு யார் எடுப்பது? ஜன்னலோரம் அமர்ந்திருந்த துரை எழுந்து போய் எடுத்தால் கால் தேய்ந்துவிடுமா?

அடுத்த பக்கம். 'நான் எழுதும்போது நாற்காலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிற்பாள்.' நின்றிருப்பாள், அந்த இடத்தைப் பெருக்க வேண்டுமே, இந்த மனுஷன் எப்போது எழுந்திருப்பான் என்று.

தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்த ஒரு நர்ஸ். சீருடையைக்கூட மாற்றவில்லை.

நர்ஸுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானும் சிரித்ததாகச் சொன்னாள். அவள் மகளும் அப்படித்தானாம், மழை வந்தால் வீட்டுக்குள் கால் தரிக்காதாம்.

பேசப் பேச மீதியும் வந்தது. பத்து வயதுப் பெண். காய்ச்சல் என்று சேர்த்த ஐந்தாம் நாள், தாய் வேலை பார்த்த அதே வார்டில் போய்விட்டது. அதன் பிறகு எட்டு மாதம் நர்ஸ் சீருடையைத் தொடவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் விதி என்றார்கள், மறந்துவிடு என்றார்கள். ஒரு அத்தை, இன்னொன்று பெற்றுக்கொள்ளேன் என்றாளாம், பாத்திரம் உடைந்தால் வேறு வாங்கச் சொல்கிற மாதிரி.

இந்தப் புத்தகம் ஒன்றுதான் எதையும் மறக்கச் சொல்லவில்லை என்றாள். அதில் ஒரு இடத்தில், செத்தவளுடைய டம்ளரைக் கழுவி, அது இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைக்கிறார்.

"அதைப் படிச்சிட்டு எம்பொண்ணு டம்ளரைக் கழுவி வெச்சேன். மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்."

தையல்காரி கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"அனுபவிக்காம ஒருத்தரால இப்படி எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க."

தையல்காரிக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

நர்ஸின் முறை வந்தது. உங்கள் வீட்டில் யார் போனது என்று எழுத்தாளர் தலை தூக்காமல் கேட்டார். அவள் மகளின் பெயரைச் சொன்னாள். அவர் அதை எழுத்துப்பிழையோடு எழுதிக் கொடுத்தார். அவள் திருத்தவில்லை. மை காயட்டும் என்று புத்தகத்தை விரித்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வாசலை நோக்கி மெல்ல நடந்தாள்.

தையல்காரி தன் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். எழுத்தாளர் முதல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுல யாரும்மா போனது?"

"நான்தான்."

பேனா நின்றது. எழுத்தாளர் தலையைத் தூக்கினார். தாடிக்குள்ளிருந்த முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துக்கொண்டார்.

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் இன்னும் படியிறங்கவில்லை. மேசைமேல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கையெழுத்தைப் போடுங்க. அந்தம்மா தெருவைத் தாண்டுற வரைக்கும் நான் செத்தவளாவே இருக்கேன்."