இன்றைக்கு எத்தனை?

“இந்தப் புருஷனைப் பிடிச்சு ஜெயில்ல போடணும், ஃப்ராவ் ஓல்ட்மான்ஸ்!”

பேராசிரியர் லோரென்ஸ் வீகாண்ட் கையிலிருந்த தாளை மேசைமேல் அறைந்தார். காப்பிக் கோப்பை துள்ளியது.

ஓல்ட்மான்ஸ் அம்மையார் பதறவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஆய்வுக்கூடத்தின் அலுவலகத்தைக் கட்டிக் காப்பவர். மேசைமேல் விழுகிற இப்படிப்பட்ட அறைகளை நிறையப் பார்த்தவர்.

“எந்தப் புருஷனை? பதினொண்ணுக்கு நீங்க வீட்டுக்குப் பேசற நேரம். அதுக்குள்ள தீர்ப்பைச் சொல்லிடுங்க.”

“விளையாடாதீங்க. முப்பத்தொண்ணாம் எண்ணோட நாட்குறிப்பைப் படிச்சீங்களா?”

“படிக்காம எப்படி? தட்டச்சு பண்ணதே நான்தானே.”

எந்தச் சோதனையிலும் ஒரு குறையும் தென்படாத, ஆனால் வலியால் துடிக்கிற அறுபது பேரை வைத்து நடந்த ஆய்வு அது. ‘வலிக்கப்போகிறது’ என்ற எதிர்பார்ப்பே வலியை எவ்வளவு கூட்டுகிறது என்று பேராசிரியர் அளந்துகொண்டிருந்தார். அறுபது பேரும் தங்கள் வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்டு, நாட்குறிப்பைத் தபாலில் அனுப்புவார்கள். அம்மையார் அதைத் தட்டச்சு செய்து, பெயரை நீக்கிவிட்டு, வரிசை எண்ணை மட்டும் இட்டுத் தருவார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவருடைய இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி அவர் கழுத்தில் இருந்தது. பேராசிரியருக்கும் அதைக் காட்டக் கூடாது என்பது விதி.

“இன்னொரு தடவை கேளுங்க” என்று பேராசிரியர் தாளை எடுத்துப் படித்தார்.

‘காலையில் கண் விழிக்கும்போது எனக்கு இரண்டுதான். சில நாள் ஒன்று. கணவர் தலையணையருகே குனிந்து, “இன்றைக்கு எத்தனை?” என்று கேட்பார். அந்தக் கணமே இடுப்பில் தொடங்கிக் கால்வரை இறங்கும். ஏழு. பகலில் கேட்பார். படுக்கும்முன் கேட்பார். ஏழு, ஏழு. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்பாகக் கேட்கிறவரிடம் எப்படிச் சொல்வது? முதுகில் அறுவை செய்துகொண்டால் கேட்பதை விட்டுவிடுவார். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போடப்போகிறேன். அவருக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவராவது புரிந்துகொள்வார்.’

“இன்னிக்குப் புதன்!” என்றார் பேராசிரியர். “ஒரு குறையும் இல்லாத முதுகைக் கத்திக்குக் குடுக்கப்போறாங்க. எதுக்கு? ஒரு முட்டாளோட வாயை மூடறதுக்கு!”

“பாவம், அவரும் அக்கறையிலதான் கேக்கறார் போல.”

“அக்கறையா? விதை முளைச்சுதான்னு தினமும் மண்ணைத் தோண்டிப் பாக்கறவனுக்கும் அக்கறைதான். செடி பொழைக்குமா? உடம்பு முடியாதவங்ககிட்ட வலியை விசாரிக்காதே, ஆளை விசாரி. என்ன சாப்பிட்டே, யாரைப் பாத்தே, எதுக்குச் சிரிச்சேன்னு கேளு. வானொலியில கத்தறேன், மேடை மேடையாக் கத்தறேன். ஒருத்தன் வீட்டுக்குள்ளயாவது அது போகுதா?”

“எங்க வீட்டுக்குப் போகல. உங்க குரல் வந்தாலே எங்க வீட்டுக்காரர் கால்பந்துக்கு மாத்திடுவார்.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. “பட்டியலை எடுங்க. நானே பேசறேன்.”

“மாட்டேன். பேரைச் சொன்னா விதி போச்சு.”

“பேரு வேண்டாம். உடம்புக்கு ஆபத்துன்னா தொலைபேசி எண்ணை மட்டும் குடுக்கலாம்னு அந்த விதியிலயே இருக்கு. அதையும் நீங்கதான் தட்டச்சு பண்ணீங்க.”

அம்மையார் ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார்.

“நானும் கூட இருந்து கேப்பேன். ஒலிபெருக்கியில போடுங்க. அந்தம்மா எடுத்தா மரியாதையாப் பேசணும்.”

“அந்தம்மாகிட்ட எனக்கென்ன கோபம்? புருஷன் எடுத்தான்னா தொலைஞ்சான். ‘உன் பொண்டாட்டியை நோயாளியாக்கினது நோய் இல்லடா, நீதான்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன்.”

அலமாரி திறந்தது. பட்டியலை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு அம்மையார் ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். பேராசிரியர் கைப்பேசியில் வேகமாகக் குத்திக்கொண்டே வந்தார். எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரை விட்டுப்போய் நெடுநாளாயிற்று. கோபம் வேறு கண்ணை மறைத்தது.

“...எட்டு, பூஜ்யம். கடைசியா நாலு, ஒன்பது.”

அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

திரையிலிருந்த எண் மறைந்தது. அந்த இடத்தில், அவரே என்றோ பதிந்து வைத்த ஒரு சொல் வந்து நின்றது.

‘வீடு.’

அம்மையாரும் அதைப் பார்த்துவிட்டார். பட்டியல் அவர் கையிலிருந்து மெல்ல இறங்கியது. “எனக்குத் தெரியாது, புரொபசர்... சத்தியமா. இதுல வீகாண்ட்னு இல்ல, வேற குடும்பப் பேர் இருக்கு...”

இணைப்பைத் துண்டிக்கக்கூட பேராசிரியரின் விரல்களுக்குத் தோன்றவில்லை. மணி ஒலித்தது. இரண்டு. மூன்று. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

“இன்னும் பதினொண்ணு ஆகலையே, லோரென்ஸ். இன்னிக்குச் சீக்கிரமே கூப்பிட்டுட்டே?”

அவர் வாயைத் திறந்தார். என்ன சாப்பிட்டே என்று கேட்க வேண்டும். யாரைப் பாத்தே என்று கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த ஒரு சொல்கூட வரவில்லை.

அந்த அமைதி மறுமுனைக்குப் பழகிய கேள்வியாகவே கேட்டிருக்க வேண்டும். ஒரு சின்னப் பெருமூச்சு. பிறகு, அவர் மனம் நோகாதபடி, மிகவும் கனிவாகப் பதில் வந்தது.

“ஏழு.”