தளம் தாங்குமா?

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அவளுடைய செல்போன் மறுபடியும் அலறியது. மாமியார்தான்.

"என்னம்மா, இன்னிக்காவது இணையதளம் தாங்குமா?"

"தாங்கும் அத்தை. கூட்டம் ஏறினா புது சர்வர் தானாவே வந்து சேர்ந்துக்கும். நானே எழுதின புரோகிராம்."

"போன தடவை பத்து நிமிஷத்துல படுத்துடுச்சே!"

போனை வைத்ததும் பக்கத்து இருக்கைத் தோழி உச்சுக் கொட்டினாள். "காலையிலேர்ந்து எத்தனை போன்! ஆபீஸ் வரைக்கும் மாமியார் அதிகாரமா? பாவம்டி நீ."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். தேர்வு முடிவுகள் வெளியாயின. மாணவர் கூட்டம் திபுதிபுவென்று தளத்துக்குள் புகுந்தது. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. இந்த முறையும் தளம் விழுந்தால் துணைவேந்தர் முன்னால் அவள்தான் கைகட்டி நிற்க வேண்டும்.

இரண்டு சர்வர் நான்காயிற்று. நான்கு எட்டாயிற்று. யாரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. தளம் அசையாமல் நின்றது!

"ஜெயிச்சுட்டடி!" என்று தோழி கட்டிக்கொண்டாள். அறையே கைதட்டியது.

மறுபடி மாமியாரின் போன்.

"எடுக்காதே, ஏதாவது குறை சொல்லப் போறாங்க" என்றாள் தோழி.

அவள் சிரித்தபடி ஸ்பீக்கரைப் போட்டாள். "அத்தை, உங்க ரிசல்ட் பார்த்தீங்களா? பாஸா?"

"பாஸாவா? முதல் வகுப்பு! ஐம்பத்தெட்டு வயசுல நானும் பட்டதாரி ஆயிட்டேன்மா!" மாமியாரின் குரல் துள்ளியது. "உன் புருஷன் வாங்கினதைவிட எட்டு மார்க் அதிகம். சீக்கிரம் வீட்டுக்கு வா, அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும் நீ!"