நாலாவது லயம், கடைசி வீடு

பழைய நோட்டில் வரிவரியாக இறங்கிய விரல் கடைசி வீட்டில் வந்து நின்றது.

அவர் தேடியவர்கள் அங்கே இல்லை. யாரோ ஒரு கிழவர், அவர் மனைவி, மூன்று பெண்கள்.

கோலாலம்பூர் ஆவணக் காப்பகத்தின் குளிர் எலும்புவரை இறங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அறுபத்தெட்டு வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று திட்டக்கூட வீட்டில் ஆளில்லை. மனைவி போய் ஆறு வருடம். பிள்ளைகள் பிறக்கவே இல்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். அப்பாவைப் பெற்றவரின் பெயர்.

அப்பாவுக்கே அது தெரியாமல் போய்விட்டது. நாலு வயது முடிவதற்குள் தாயையும் தகப்பனையும் மலேரியா கொண்டுபோயிற்று. எடுத்து வளர்த்த கங்காணியின் பெயர்தான் அடையாள அட்டையில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் கடைசிவரை இருந்தது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரவல் பெயர் இரவல் பெயர்தானே! ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் ஆற்றங்கரையில் ஐயர் தாத்தாவின் பெயரைக் கேட்பார். இவர் கையில் எள்ளையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்.

பெயர் தெரியாதவரைப் பெயரை வைத்து எப்படித் தேடுவது? மூன்று மாதம் அலைந்து களைத்தபோது, காப்பகத்தில் வேலை பார்க்கும் தர்ஷினிதான் வழி சொன்னாள்.

“எடத்த தேடுங்க அங்கிள். ஆளு தானா வந்துருவாரு.”

இடம் தெரியும். ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில் நாலாவது லயம், கடைசி வீடு. வளர்த்தவர்கள் காட்டிய அந்த இடத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தோட்டத்து எழுத்தர், அந்தக் காலத்துக் கிராணி, லயம் லயமாக நடந்து எழுதிய நோட்டுதான் இப்போது அவர் முன்னால் கிடந்தது.

அதில் போய் யாரோ ஒரு கிழவர்!

நோட்டை மூடப்போனார். அப்புறம்தான் உறைத்தது.

அட, கிராணி ஆபீஸ் பக்கமிருந்து அல்லவா நடந்திருப்பார்? லயத்துச் சனங்களுக்குக் கோயில் பக்கம்தான் முதல் வீடு. அவர்களுடைய கடைசி வீடு கிராணிக்கு முதல் வீடு.

பக்கத்தைப் பின்னால் திருப்பினார். நாலாவது லயம், வீட்டு எண் ஒன்று.

ஏகாம்பரம், மகன், மூன்று வயது.

அவருடைய அப்பாவேதான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் வரியில், காத்தாயி, மனைவி, இருபத்திரண்டு வயது. அதற்கும் மேலே குடும்பத் தலைவரின் வரி. அங்கே கண்ணைக் கொண்டுபோகப் பயமாக இருந்தது.

பிறகு பார்த்தார்.

பெயர், அப்பா. வயது இருபத்தொன்பது. வேலை, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தல்.

ஓரத்தில் கிராணி பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் குறித்திருந்தார். ஆள் வேலைக்குப் போயிருக்கிறான். மனைவி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பிள்ளையைக் கேட்டு எழுதியது.

சொல்ல மாட்டாள்தான். அந்தக் காலத்தில் எவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்? இவருடைய மனைவியே முப்பத்தைந்து வருடமும் ‘இங்க பாருங்க’ என்றுதான் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டபோதுகூட வாயைத் திறக்காமல் இவர் பக்கம் கையைக் காட்டினாள்.

அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. மூன்று வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லியிருக்கிறது. கிராணியும் பாவம், வேறு என்ன செய்வார்?

இனி அந்தப் பெயர் கிடைக்காது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் எழுந்துபோக மனம் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில், வெளியே போன மனிதரின் பெயரைச் சொல்ல வெட்கப்பட ஒருத்தி இருந்தாள். முந்திக்கொண்டு சொல்ல ஒரு பிள்ளை இருந்தது. பெயரே இல்லாத தாத்தாவைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருந்தது.

கீழ்த்தளத்தில் அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டார். கவுன்டரில் புதிதாக ஒரு பெண்.

“ரசீது யாரு பேருல எழுதுறது அங்கிள்?”

பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு, தன் பெயரைத் தானே சொன்னார்.