விட்ட இடம்

"குளிர் வர்றதுக்குள்ள சம்பந்தியம்மாவுக்கு கார்டிகன் போயாகணும். வருஷா வருஷம் என் கையால பின்னி அனுப்பறேன். கடைச் சரக்கை அனுப்பி இந்த வீட்டு மானத்தை வாங்கிடாதே!"

மகளின் மாமியாருக்கென்று பாதி பின்னிய கார்டிகனை மாமியார் மருமகளிடம் நீட்டினாள். கடை கடையாக ஏறி, கன்னத்தில் வைத்துப் பார்த்து எடுத்த சாம்பல் நிறக் கம்பளி நூல். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு மாமியாரின் விரல்களில் ஊசி நிற்கவில்லை.

"மிச்சத்தை நீ முடி. வேற கை பட்டதுன்னு தெரியவே கூடாது."

"சரிங்க அத்தை."

"அந்தம்மா என்ன, பூதக்கண்ணாடி வெச்சா பார்க்கப் போறாங்க?" என்றார் மாமனார்.

"பேசாம இருங்க. உங்களுக்கு ஊசிக்கும் குச்சிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

கார்டிகன் முடிந்து வந்தது. மாமியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தான் விட்ட இடம் அவளுக்கே தெரியவில்லை. வரிசைக் கடைசியில் நூலைச் சற்று இறுக்கி இழுக்கும் அவளுடைய பழக்கம்கூடக் கழுத்துவரை அப்படியே வந்திருந்தது.

"எங்கடி கத்துக்கிட்டே?"

"எனக்குப் பின்னவே தெரியாது அத்தை. சொல்ல பயமா இருந்துச்சு. மாமாதான் மாடியில உட்கார்ந்து முடிச்சார்."

மாமனார் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேனே! ஆனா உன் இழுப்பு மட்டும் லேசுல வரலை. பிரிச்சுப் பிரிச்சுப் பின்னினேன்."

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கார்டிகனைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சம்பந்தியம்மாவுக்குக் கடையில நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பிடு."