குதிகால் உயரத்துக்குத் தைத்த பேண்ட்

மிஷன் வீதி மாடி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலைந்து ஜோடி செருப்புகள் கிடக்கின்றன. நேர்காணலுக்கு வந்திருக்கும் தஸ்லீம் அவற்றையும் தன் காலையும் மாறி மாறிப் பார்க்கிறாள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், சாம்பல் நிற முக்காடு, குதிகால் உயர்ந்த புது ஷூ. ஷூ போட்டுத்தான் போகணும் என்று யூடியூபில் ஒரு பெண் அடித்துச் சொல்லியிருந்தாள். வாசலில் செருப்பு கிடந்தால் என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை. பெஞ்சில் டை கட்டி வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் ராஜவேலும் நேர்காணலுக்கு வந்தவன்தான். “கழட்டணும்னு சொன்னாங்களா?” என்று கேட்கிறாள். “யாரும் சொல்லலங்க. வெளில கெடந்துச்சு, நானும் கழட்டிட்டேன்.” அப்போது உள்ளே யாரோ ஷூ காலோடு டக் டக்கென்று நடக்கிறார்கள். ராஜவேல் அவசரமாக ஒரு காலில் ஷூவை மாட்டுகிறான். மறுகாலில் மாட்டாமல் அப்படியே நிறுத்திவிடுகிறான்.

கதவு திறக்கிறது. “தஸ்லீம் யாரும்மா? உள்ள வாங்க.” கூப்பிட்ட அம்மாவின் பாதத்தைத் தஸ்லீமின் கண் தேடுகிறது. புடவை தரைவரை மூடியிருக்கிறது. சட்டென்று ஷூவைக் கழற்றிவிடுகிறாள். ஷூ உயரத்துக்கு அளந்து தைத்த பேண்ட், பாதத்தை மூடித் தரையில் புரள்கிறது. முதல் அடியிலேயே மிதிபடுகிறது. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் பேண்டைக் கொசுவம்போல் தூக்கிப் பிடித்தபடி உள்ளே போகிறாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கைகுலுக்கக் கை நீட்டுகிறார்.