திருப்பாத இருக்கை

காலையில் பல் துலக்கி, சவரம் செய்து, காபி குடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்பலவாணன் டிராம் ஷெட்டுக்குப் போனான். டிராம்களை நிறுத்தியதிலிருந்து இதுதான் வழக்கம். எப்போதும் ஏறும் வண்டியில் ஏறி, ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தான். அன்று அந்த வண்டியை உடைக்க ஆட்கள் வந்திருந்தார்கள்.

"எறங்கு சார். சக்கரத்தையே கழட்டிட்டாங்க, எங்க போவப்போறே?" என்றார் காவலாளி ஏகாம்பரம்.

"டிக்கெட் வாங்கிட்டாரான்னு கேளு நைனா!" சம்மட்டிக்காரன் சிரித்தான்.

அம்பலவாணனால் எழ முடியவில்லை. டிராம் ஓடிய நாட்களில் பட்டணத்துக்குப் புதியவன் அவன். எப்போதும் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கிவிடுவான். இங்கேயே பிறந்து வளர்ந்த மனைவி தமயந்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இதே வண்டியில்தான். அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி போலத் தெரிந்த ஒரு சிவப்புக் கட்டடம் கடந்து போயிற்று. அவன் காத்திருந்தான்.

கடைசி ஸ்டாப்பில் டிராம் வட்டமடித்துத் திரும்பாது. டிரைவர் வண்டி ஓட்டும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போவார். கண்டக்டர் இருக்கைகளின் சாய்மானங்களை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே வருவார். அன்று இவர்களிடம் வந்ததும் தமயந்தியின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு இருக்கை மட்டும் போன திசைக்கு முதுகைத் திருப்பாமலே திரும்பி வந்தது.

கூரையில் முதல் அடி விழுந்தது.

"இன்னாத்துக்கு சார் ஒக்காந்துகினு கீறே?" ஏகாம்பரம் இப்போது மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்காவது அவசரப்படாதீங்க. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது," என்றுதான் அவன் தோளில் சாயும்போது தமயந்தி கடைசியாகச் சொல்லியிருந்தாள்.