வேரிலிருந்து படிப்பவர்

"ஏம்மா சுந்தரி, துறைமுக வாசல்ல ஒரு லாரி நகரல! சாயங்காலம் கப்பல் சரக்கை விட்டுட்டுப் போச்சுன்னா உன் வேலையும் போச்சு!" மேலாளர் ஆவுடையப்பன் கத்தினார்.

துறைமுகத்தின் மெயின்பிரேம் கணினியைப் பார்த்துக்கொள்ளும் சண்முகசுந்தரி நிமிர்ந்தாள். "கப்பல், கன்டெய்னர், சரக்குன்னு டேட்டாபேஸ் மரம் மாதிரி கிளைவிட்டிருக்கு சார். ஒருத்தரு மட்டும் நிமிஷத்துக்கொருக்க வேர்ல இருந்து கடைசி இலை வரைக்கும் படிக்காரு. வாசல்ல லாரிக்கு பாஸ் போடுதவங்க உட்பட மத்தவங்க எல்லாம் காத்துக் கெடக்காங்க."

"எந்த வெளங்காதவன்? உடனே நிறுத்து! போக வேண்டியது அவன் வேலைதான்!"

நிறுத்தினாள். திரைகள் சட்டென்று ஓடின. வாசலில் லாரிகள் நகர்ந்தன.

"அவன் பேரைச் சொல்லு!"

"நீங்கதான் சார். சிஸ்டம் ஏன் ஸ்லோன்னு நிமிஷத்துக்கொரு ரிப்போர்ட் கேட்டீங்கள்லா?"

"அதை மொதல்லயே சொல்லுததுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நிறுத்த விட்டிருப்பீங்களா?"